இந்தப் படத்துக்கா இவ்ளோ பேரு? அடிக்கடி கேக்குற கேள்விகளும் நம்ம பதிலும்

திருநவேலி ஜங்ஷன் டீக்கடையில ஆரம்பிச்சி கல்யாண வீட்டு மொட்டமாடி வரைக்கும் சினிமா பேச்சு வந்தாலே, சில படத்துக்கு தகுதிக்கு மேல பேரு கூடிப்போச்சுன்னு நான் சொல்லப்போயி, நம்மகிட்ட திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கேள்விதான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்கி, அதான் மொத்தமா எழுதிப் போட்டாச்சு. கோவம் வந்தா வரட்டும், ஆனா முழுசா படிச்சிட்டு கோவப்படுங்க.

பேரு கூடிப்போன படம்னா அது குப்பைன்னு சொல்லுதியளா?

இல்ல. குப்பைப் படத்தப் பத்தி யாரு இவ்ளோ நேரம் பேசப்போறா. நான் சொல்லுதது எல்லாமே பாக்குற மாதிரி உள்ள படங்கதான், சிலது ரொம்ப நல்ல படமும் கூட. ஆனா ஊரு அதுக்குக் குடுத்துருக்க எடம் ஒசரத்துல இருக்கு, படம் அதுக்குக் கொஞ்சம் கீழ நிக்கி. நடுவுல உள்ள அந்த எடத்த நெரப்புறது யாருன்னு பாத்தா பெரும்பாலும் பாட்டு, இல்லன்னா டிவி, இல்லன்னா படம் பாத்தப்போ நமக்கு இருந்த வயசு.

அத எப்படிக் கண்டுபிடிக்க?

யாராவது ஒரு படத்த ஆஹா ஓஹோன்னு சொன்னா "கடைசியா அத முழுசா எப்போ பாத்தீங்க அண்ணாச்சி?"ன்னு மட்டும் கேளுங்க. கொஞ்ச நேரம் யோசிப்பாவ. அப்புறம் ரெண்டு பாட்டு சொல்லுவாவ, ஒரு வசனம் சொல்லுவாவ, இடைவேளைக்கு முன்னாடி வர ஒரு சீன் சொல்லுவாவ, அதுக்கு மேல ஒண்ணும் வராது. ரெண்டரை மணி நேரப் படத்துல ஒரு இருவது நிமிசந்தான் ஊரோட ஞாபகத்துல நிக்கி, மீதி ரெண்டு மணி நேரத்துக்கும் சேத்துத்தான் நாம மார்க் போட்டுக்கிட்டு இருக்கோம். நான் சொல்லவாரது மொத்தமும் இதுதான், கீழ உள்ளதெல்லாம் இதுக்கு உதாரணம்.

இன்னொரு வழியும் உண்டு, ஆனா அதுக்கு எங்க அத்தை வேணும். ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துறவ. மடியில தட்ட வச்சிக்கிட்டு, வெட்டுன இலையில தூள வச்சி உருட்டி முனைய மடக்கி நூலக் கட்டிக்கிட்டே கே டிவி பாப்பா, கண்ணு டிவியிலதான் இருக்கும், கை அதுபாட்டுக்கு ஓடும். ஒரு சீன் நெசமாவே நல்லாருந்தா கை நின்னுரும். அவ்ளோதான் விமர்சனம். ஊரே கொண்டாடுற பல சீனுக்கு அவ கை நின்னு நான் பாத்தது இல்ல, யாரும் கண்டுக்காத சில சீனுக்கு அரைகுறையா சுத்துன பீடி விரல்லயே இருக்கும்.

நாயகன்ல கைய வைக்கப்போறீயளா?

வைக்காம எப்படி. 1987 தீபாவளிக்கு வந்த படம், கமலுக்கு நேஷனல் அவார்டு, பி.சி.ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவுக்கு, தோட்டா தரணிக்கு கலை இயக்கத்துக்கு, மூணுமே நியாயமான அவார்டு. மெட்ராஸ்ல செட்டு போட்டு எடுத்த தாராவியப் பாத்து பம்பாய்லயே போயி எடுத்தாங்கன்னு இன்னைக்கும் நம்புற ஆளு உண்டு. 2005ல டைம் பத்திரிகை போட்ட நூறு படம் லிஸ்ட்டுல இந்தியாவுல இருந்து சத்யஜித் ராயோட அப்பு படங்க, குரு தத்தோட பியாசா, இது. அந்த லிஸ்ட்டு வந்ததுக்கு அப்புறம் நாயகன்ல ஒரு குறை சொன்னா நம்மள தேசத்துரோகி மாதிரி பாக்காவ.

நமக்கு இந்தப் படத்து மேல தனி உரிமையும் உண்டு, கமல் நடிச்ச வேலு நாயக்கர் ஓடிப்போறது தூத்துக்குடியில இருந்து. படத்துக்குத் தூண்டுதலா இருந்த பம்பாய் தாதா வரதராஜ முதலியாரும் அந்த ஊருக்காரர்தான். படம் வரதுக்கு முந்துன வருசம் வரைக்கும் தூத்துக்குடி நம்ம திருநவேலி ஜில்லாவுலதான் இருந்துச்சு, அதனால நம்மூருப் படம்னே வச்சிக்கலாம்.

இப்போ குறைக்கு வாரேன். "நீங்க நல்லவரா கெட்டவரா"ன்னு பேரன் கேக்கான், "தெரியலையே"ன்னு தாத்தா அழுவுதாரு. அருமையான சீன். ஆனா படம் அந்தக் கேள்விய அதுவரைக்கும் நெசமா கேட்டுச்சான்னு பாருங்க. அவரு அடிச்சவன் எல்லாம் அயோக்கியன், கடத்துன சரக்கால ஒரு குடும்பம் கெட்டதா ஒரு ஷாட்டு கெடையாது, ஆஸ்பத்திரி முதக்கொண்டு எல்லா எடத்துலயும் அவரால நல்லது மட்டுந்தான் நடக்கு. கெட்டவர்னு நாம சொல்லுததுக்கு படம் ஒரு ஆதாரத்தையும் குடுக்கல, அப்புறம் எங்க இருந்து "தெரியலையே"? மக சாரு மட்டும் எதுத்துக் கேக்கா, அவளையும் பாதியில வெளிய அனுப்பிட்டு கடைசியிலதான் திரும்பக் கூட்டிட்டு வாராவ. நாயக்கர் கட்டிக்கிற நீலாவோட அறிமுகம் ரொம்பப் பெரிய எழுத்து, அந்த மாதிரி ஒரு எடத்துல உக்காந்துக்கிட்டு நாளைக்கு கணக்குப் பரீட்சை சீக்கிரம் விட்டுருங்கன்னு கேக்க புள்ள அவ, அப்பேர்ப்பட்ட ஆள கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு போட்டோ மாதிரி ஆக்கிட்டாவ, சாவுறதுக்கு மட்டும் திரும்ப வாரா.

ஒரு எடத்துல மட்டும் படம் தன்னோட பேருக்கு நெசமாவே தகுதியா நிக்கி. இன்ஸ்பெக்டர் கேல்கர வேலு கொன்னதும் அந்த ஆளோட மனவளர்ச்சி இல்லாத மகன் அஜித்த இவரே வளக்காரு, உண்மை தெரிஞ்சதும் கடைசியில அவன் கையாலதான் சாவு. அந்த ஒத்த இழைக்குத்தான் படம் முழுக்க எடம் குடுத்துருக்கணும். அதுல ஒண்ணுரெண்டு சீனு காட்டிட்டு மீதி நேரத்துக்கு காட்ஃபாதர் பாதையில போயிட்டாவ. நம்ம மார்க்கு: ரொம்ப நல்ல படம், உலகத்துல நூத்துல ஒண்ணு இல்ல. "தென்பாண்டிச் சீமையிலே" இல்லாம ஒரு தடவ நெனச்சிப் பாருங்க, அப்போ தெரியும்.

ரோஜா நம்ம ஊருல எடுத்த படம்லா, அதையுமா?

சுந்தரபாண்டியபுரத்த உலகத்துக்கே காட்டுன படம்னு நன்றி எப்பவும் உண்டு. 1992ல அது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், 2019ல பிரிச்சதுக்கு அப்புறம் தென்காசி. இன்னைக்கும் சூரியகாந்தி பூக்குற சமயம் போட்டோ எடுக்க வார கூட்டத்துல பாதி அந்தப் படத்தாலதான் வாரான். "சின்னச் சின்ன ஆசை"யில வர அருவியில கொஞ்சம் காரையாறு அணைக்கு மேல உள்ள பாணதீர்த்தம், மீதி ஒகேனக்கல், அது வேற பெருமை.

ஆனா கதைய மட்டும் எடுத்துப் பேசுவோம். அக்காவ பொண்ணு பாக்க வந்தவன் சபையில வச்சி இவளக் கைகாட்டுதான், இவளுக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேக்கல, அடுத்த சீன் கல்யாணம். அக்கா வேண்டாம்னு சொன்னதாலதான்னு பின்னால ஒரு வெளக்கம் வருது, அத வச்சி எல்லாத்தையும் சரிக்கட்டியாச்சு. அடுத்தது காஷ்மீரு. 1991ல அங்க இந்தியன் ஆயில் அதிகாரி துரைசாமிய கடத்துன சம்பவந்தான் கதைக்கு வித்து, எடுத்தது மணாலி, ஊட்டி, குன்னூர்ல. அங்க துப்பாக்கியத் தூக்குனவன் எதுக்குத் தூக்குனான்னு படத்துக்குத் தெரிஞ்சிக்க விருப்பமே இல்ல. எரியிற கொடி மேல ஹீரோ ரிஷிகுமார் விழுந்து உருளுதான், பின்னாடி பாட்டு, தேட்டர்ல கைதட்டு. அந்தக் கைதட்டு கேட்டதும் யோசிக்கிற வேல முடிஞ்சிருது. தேஜஸ்வினி நிரஞ்சனான்னு ஒரு ஆய்வாளர் 1994லயே ஒரு ஆய்வு இதழ்ல இந்தப் படம் யாரோட தேசத்தப் பத்திப் பேசுதுன்னு கேட்டு எழுதிட்டாங்க, அதனால இப்போ நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல.

ரகுமானோட முதல் படம், முதல் படத்துலயே நேஷனல் அவார்டு. பாட்டு நூத்துக்கு நூறு. அந்த நூற படத்துக்கு மாத்திப் போட்டது நாமதான்.

ஆஸ்கருக்கு அனுப்புன படம்னா நல்ல படமாத்தான இருக்கும்?

1998ல இந்தியா சார்பா ஆஸ்கருக்கு அனுப்புன படம் ஜீன்ஸ். அடுத்த கேள்வி.

ஐஎம்டிபி வெப்சைட்டு ரேட்டிங்?

அங்க அக்கவுண்டு இருந்தா யாரு வேணாலும் மார்க் போடலாம், படம் பாத்துருக்கணும்னு கூட கட்டாயம் இல்ல. 2021 நவம்பர்ல ஜெய் பீம் 9.6 வாங்கி, வருசக்கணக்கா முதல்ல இருந்த இங்கிலீஷ் படம் ஷாஷாங்க் ரிடெம்ப்ஷனையே தாண்டுச்சுன்னு ஊரு முழுக்க ஸ்டேட்டஸ் போட்டாவ. நல்ல படந்தான், செங்கேணியா வர லிஜோமோள் நடிப்புக்கு நான் எந்திரிச்சி நின்னு கைதட்டுவேன். ஆனா அந்த 9.6 படத்துக்குப் போட்ட மார்க்கா, அதுல காட்டுற போலீஸ் அநியாயத்தப் பாத்து வந்த கோவத்துக்குப் போட்ட மார்க்கா? கோவம் நியாயம். அதுக்காக படத்துல வக்கீல் சூர்யா நடந்துவரும்போதெல்லாம் செங்கேணி கதை ஓரத்துக்குப் போயிருதே, அதச் சொல்லக்கூடாதா?

ஷாஷாங்க் கதையும் வேடிக்கைதான். 1994ல தேட்டர்ல ஊத்திக்கிச்சு, ஏழு ஆஸ்கர் நாமினேசன், ஒண்ணு கூட கெடைக்கல. அப்புறம் வீடியோ கேசட்டும் கேபிள் டிவியும் அத மெள்ள மெள்ளத் தூக்கி நிறுத்துச்சு, 2008ல இருந்து அந்த லிஸ்ட்டுல ஒண்ணாம் நம்பர். மனச நல்லா ஆக்குற படம், யாருக்கும் அது மேல வெறுப்பு கெடையாது, அதான் அதோட ரகசியமே. யாருக்கும் பிடிக்காமப் போகாத படமும் ஆகச்சிறந்த படமும் ஒண்ணு இல்ல.

அப்போ அன்பே சிவம், ஆயிரத்தில் ஒருவன் எல்லாம் டிவியால பெரிய படம் ஆனதுதானா?

பாதி டிவி, பாதி நம்ம குத்த உணர்ச்சி. வந்தப்போ ஓடலல்லா, அன்னைக்கு நாம போயிப் பாக்கலையேன்னு இப்போ வட்டியும் முதலுமா பாராட்டுதோம். 2003 பொங்கலுக்கு ஊரு பூரா தூள் படத்துக்கு போச்சு, அன்பே சிவத்துக்கு ஆளு இல்ல. இன்னைக்கு யாரக் கேட்டாலும் "நான் அப்பவே தேட்டர்ல பாத்தேன்"னு சொல்லுதான், அவன் எல்லாம் நெசமா போயிருந்தா படம் நூறு நாள் ஓடிருக்கும்லா வே!

அன்பே சிவம் நல்ல மனசுள்ள படம். மதன் வசனம், வித்யாசாகர் பாட்டு, அந்தத் தழும்பு மூஞ்சியோட கமல் தெருநாய்க்குச் சங்குன்னு பேரு வச்சித் தூக்கிட்டு போறது எல்லாம் அப்படியே நிக்கி. ஆனா மாதவன் கேரக்டர கவனிச்சியளா, பாடம் கேக்கதுக்குன்னே உக்காத்தி வச்ச பையன். அவன் ஒரு வாதம் வைப்பான், கமல் நடிச்ச நல்லசிவம் அதுக்கு நச்சுன்னு பதில் சொல்லுவாரு, அவன் வாயடைச்சிப் போவான், திரும்ப அடுத்த ஊரு, அடுத்த வாதம், அடுத்த நச்சு. ஒரு தடவையாவது நல்லசிவம் தோத்தாரா? நாசர் வில்லன் தென்னாடுடைய சிவனே போற்றின்னு சொல்லிக்கிட்டே அக்கிரமம் பண்ணுவாரு, மொத தடவ சுருக்குன்னு இருக்கு, அப்புறம் அதேதான். நான் சரி நீ தப்புன்னு ரெண்டரை மணி நேரம் அழகா பேசுனா அது நல்ல மேடை. படத்துக்கு ரெண்டு பக்கமும் பலம் வேணும்.

ஆயிரத்தில் ஒருவன் 2010 பொங்கல். இதப்பத்திச் சொன்னாலே "பாண்டியனுங்கள வில்லனா காட்டிட்டான்னு கோவமா ஓய்"னு நம்மளக் கிண்டல் பண்ணுதாவ, தாமிரபரணித் தண்ணி குடிச்சிட்டு அந்தக் கோவம் கொஞ்சம் இல்லாம இருக்குமா! அது ஒருபக்கம் கெடக்கட்டும். பார்த்திபன் வர அந்த ரெண்டாம் பாதி மாதிரி தமிழ்ல அதுக்கு முன்னாடி யாரும் யோசிக்கல, சரி. ஆனா யோசிச்சதுக்கும் எடுத்ததுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டு பாராட்டுனா எப்படி. மொத பாதி ஒரு கம்ப்யூட்டர் கேம் மாதிரி, அத தாண்டு, இத தாண்டு, பாம்பு வருது, நெழலு வருது. கிராஃபிக்ஸ் அந்தக் காலத்துக்கே சுமாரு. செல்வராகவன் ஆசப்பட்டது பெரிய படம், ஊரு மார்க் போடுறது அந்த ஆசைக்கு.

முதல் மரியாதையப் பத்திப் பேசவே விடமாட்டாங்களே?

எங்க வீட்டுலயே விடமாட்டாங்க. சிவாஜி தன்னோட வழக்கமான நடிப்ப எல்லாம் கழட்டி வச்சிட்டு நடிச்ச படம், 1985, வைரமுத்துக்கு பாட்டுக்கு தேசிய விருது, இளையராஜா உச்சம். சிவாஜி நடிச்ச மலைச்சாமி இளவட்டக்கல்லத் தூக்குறத, ராதா நடிச்ச குயிலு ஒளிஞ்சி நின்னு பாக்குற சீன் இருக்குல்லா, அந்த வெக்கமும் பெருமையும் சிவாஜி மூஞ்சில வந்துட்டு போறது, அதுக்கு ஈடு கெடையாது.

இப்போ மலைச்சாமி பொண்டாட்டி பொன்னாத்தாளுக்கு வருவோம். வடிவுக்கரசி. வாயத் தொறந்தா வசவு. படம் ஆரம்பிச்சதுல இருந்து அவள அருவருப்பா காட்டணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு காட்டுதாவ. பாதிக்கு மேல காரணம் தெரியுது, வேற ஒருத்தனால அவ வயித்துல புள்ள, மாமா கால்ல விழுந்து கேட்டதால மலைச்சாமி தாலி கட்டுனாரு, அன்னைல இருந்து இன்னை வரைக்கும் அவள மனைவியா தொட்டது இல்ல. நாம என்ன பண்ணுதோம், "ஐயோ பாவம் அந்த மனுசன், எவ்ளோ பெரிய தியாகி"ன்னு உருகுதோம்.

எங்க அத்தை இந்த எடத்துலதான் கைய நிறுத்துனா. "அந்தப் பொம்பளைய வீட்டுல கூட்டிட்டு வந்து வச்சி, ஆயுசு பூராம் தொடாம, எச்சிக்கையா பாத்தாக்க அவ வாயில வசவு வராம தேவாரமா வரும்?"னு கேட்டுட்டு திரும்ப இலைய எடுத்தா. நான் எத்தனையோ விமர்சனம் படிச்சிருக்கேன், இந்தக் கேள்விய அவ கேட்டுத்தான் நான் கேட்டேன். மலைச்சாமி வாழ்க்கைல ஒரு குயிலு வந்துச்சு, பாட்டு வந்துச்சு, பரிசல் வந்துச்சு. பொன்னாத்தா வாழ்க்கைல என்ன வந்துச்சு? அவ பக்கம் கேமராவ ஒரே ஒரு நிமிசம் திருப்பிருந்தா இந்தப் படம் இப்போ இருக்க பேருக்கு மேலயே போயிருக்கும். திருப்பல. அதனால எனக்கு இது பாதி பெரிய படம்.

96 படம்?

பள்ளிக்கூட வாட்சப் குரூப்பு உள்ள வரைக்கும் இந்தப் படத்த யாரும் அசைக்க முடியாது. 2018ல படம் வந்த கையோட நம்ம பாளையங்கோட்டையில மட்டும் எத்தனை பழைய மாணவர் சந்திப்பு நடந்துச்சு, அதுல எத்தனை வீட்டுல சண்டை வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க.

ஜானுவா திரிஷா நல்லா பண்ணிருக்காங்க, அதுல சந்தேகம் இல்ல. விஜய் சேதுபதி கேரக்டர்தான் எனக்கு நெருடல். அவ காலேஜுக்கு போறான், அவ கல்யாணத்துக்கு போயி ஒதுங்கி நிக்கான், பழைய துணிமணிய பெட்டியில பூட்டி வச்சிருக்கான். இத வேற ஒரு மூஞ்சியும் வேற பின்னணி இசையும் போட்டு எடுத்தா பேய்ப்படம். கிட்ட வந்தா மயங்கி விழுறாரு, அத ஒரு புனிதமா காட்டுதாவ. படத்தோட ஆகப்பெரிய நிமிசம் எதுன்னு கேட்டா எல்லாரும் சொல்லுதது கரண்டு போன இருட்டுல ஜானு "யமுனை ஆற்றிலே" பாடுறது. அது 1991ல வந்த தளபதி பாட்டு. இளையராஜா இருவத்தேழு வருசத்துக்கு முன்னாடி சம்பாதிச்ச கண்ணீர இந்தப் படம் தன்னோட கணக்குல வரவு வச்சிக்கிச்சு.

தேவர் மகன் பத்தி பேச பயமா?

பயம் என்னத்துக்கு. திரைக்கதையா பாத்தா தமிழ்ல அத மாதிரி கட்டுக்கோப்பா எழுதுனது ரொம்பக் கொறைச்சல், 1992, பரதன் இயக்கம், கமல் எழுத்து. வெளியூர்ல படிச்சிட்டு வந்த மகன் அப்பாகிட்ட ஊர விட்டுப் போறேன்னு சொல்லுத எடம், சிவாஜி பதில் சொல்லச் சொல்ல கமல் மூஞ்சி மாறும், அத பாடமாவே வைக்கலாம். ரேவதிக்கும் ஜானகியம்மாவுக்கும் தேசிய விருது, ரெண்டும் சரி.

ஆனா தென்மாவட்டத்துல இருந்துக்கிட்டு இந்தப் படத்த மெட்ராஸ்காரன் பாக்குற மாதிரி பாக்க முடியாது. படம் கடைசியில அருவாளக் கீழ போட்டுட்டு புள்ளைகளப் படிக்க வைங்கன்னு சொல்லுது. நல்ல விசயம். அத எந்த ஊர்லயாவது ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுருக்கியளா? "போற்றிப் பாடடி பெண்ணே" கேக்காத கோயில் கொடை, கல்யாண வீடு, கார் உண்டா? தொண்ணூறுகள்ல இந்தப் பக்கம் நடந்த சாதிக் கலவரத்துல எத்தனை ஊரு எரிஞ்சிச்சுன்னு நமக்குச் சொல்லித் தரவேண்டாம், அந்த நேரத்துல இந்தப் பாட்டு யாரு வாயில எப்படி இருந்துச்சுன்னும் தெரியும். இருவது நிமிசந்தான் நிக்கும்னு மேல சொன்னேம்லா, எந்த இருவது நிமிசம் நிக்கும்னு எழுதுறவனும் கொஞ்சம் யோசிக்கணும். படம் சொன்னத பாட்டு கெடுத்துருச்சு.

வடிவேலு நடிச்ச இசக்கி ஞாபகம் இருக்கா? இசக்கின்னு பேரு கேட்டாலே நம்மூரு ஆளுன்னு தெரிஞ்சிரும். கோயில் பூட்ட ஒடைக்கப் போயி கைய எழந்தவன் அவன். ஒடைக்கச் சொன்னவன் பெரிய வீட்டுப் புள்ள, கை போனது இவனுக்கு. ஒத்தக்கையோட சிரிச்சிக்கிட்டே பேசுதான், நாமளும் நெஞ்சு உருகிட்டு அடுத்த சீனுக்குப் போயிருதோம். 2023ல மாமன்னன் விழாவுல மாரி செல்வராஜ் கமல் முன்னாடியே நின்னு, அந்த இசக்கிதான் என் மாமன்னன்னு சொன்னாரு. அதுக்கு அவர எவ்ளோ திட்டுனாங்க! முப்பது வருசமா யாரும் இசக்கி பக்கத்துல இருந்து அந்தப் படத்தப் பாக்கல, ஒருத்தன் பாத்தான், அவ்ளோதான் விசயம்.

மாரி செல்வராஜ் உங்க ஊருக்காரர்னு விட்டுக்குடுக்கியளா? பரியேறும் பெருமாள் மட்டும் என்ன?

விட்டுக்குடுக்கல, அந்தப் படம் வாங்குன பேருக்கு முழுத் தகுதி. லா காலேஜ் பெஞ்சு, இங்கிலீஷ் புரியாம நோட்டுல கிறுக்குறது, அப்பா கூத்து ஆடுறவர்னு சொல்லக் கூச்சம், அந்த அப்பாவா நடிச்சவரு நெசமாவே கூத்துக் கலைஞர். அவர வேட்டிய உருவி ரோட்டுல ஓடவிடுற சீன்ல தேட்டர்ல ஒரு சத்தம் இல்ல, அதுக்குப் பின்னணி இசை தூக்கிக் குடுக்க வேண்டிய தேவையே இல்ல.

ஒரு குறை உண்டு. கதாநாயகி ஜோ. கூடவே படிக்கிறா, அவ வீட்டுக் கல்யாணத்துல வச்சி ஹீரோ பரியன என்ன பாடு படுத்துனாங்கன்னு கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. நம்ம ஊருல வளந்த பொண்ணுக்கு இது எதுவுமே தெரியாதுன்னா நம்புற மாதிரியா இருக்கு? பஸ்ல எந்த ஊருல ஏறுதான்னு பாத்தே ஆள அளக்குற ஊரு இது. அவள அப்பாவியாவே வச்சது திரைக்கதைக்கு வசதி. இந்தக் குறையோடயும் அந்தப் படம் நிக்கும்.

சாமி, சிங்கம், தாமிரபரணி?

அதெல்லாம் ராம் முத்துராம் தேட்டர்ல மொத நாள் பேப்பர் கிழிச்சிப் போட்டு விசிலடிச்சிப் பாத்துட்டு வந்து, வீட்டுல இட்லி சாப்பிட்டுட்டு தூங்கிருவோம். யாரும் அத உலக சினிமான்னு சொல்லல, அப்புறம் எப்படிப் பேரு கூடும். மூணையும் எடுத்த டைரக்டர் ஹரி நம்ம நாசரேத் பக்கத்து ஆளு, என்ன சொல்லிட்டு எடுக்காரோ அதக் குடுக்காரு. சாமியில திருநவேலி ரோட்டுல அவ்ளோ கார் எங்க இருந்து பறந்துச்சுன்னு மட்டும் இன்னும் வெளங்கல.

அந்தக் காலத்துப் படத்த அந்தக் காலத்துக் கண்ணோடதான் பாக்கணும்னு பெரியவங்க சொல்லுதாங்களே?

சரிதான், ஆனா அந்தக் காலத்துக் கண்ணுன்னா என்னன்னும் பாக்கணும்லா. எங்க சித்தப்பா காலத்துல கோயில் கொடைக்கு டெக்கு, அதான் வீடியோ கேசட்டு ஓட்டுற பெட்டி, எடுப்பாவ. டவுன்ல இருந்து வாடகைக்கு ஒரு டிவி, ஒரு டெக்கு, மூணு கேசட்டு, அம்மன் கோயில் முன்னாடி மணல்ல கோணிச்சாக்க விரிச்சி விடிய விடிய. மொதப் படம் சாமி படம், ரெண்டாவது ரஜினி, மூணாவது வரும்போது பாதிப்பேரு தூங்கிருவான். அப்படிப் பாத்த படம் எப்படி மோசமா இருக்கும்? பக்கத்துல மாமன் மச்சான், கையில சுக்குக் காப்பி, இந்தப் பக்கம் வில்லுப்பாட்டுக்காரரு மைக்க டெஸ்ட்டு பண்ணிக்கிட்டு இருப்பாரு. அன்னைக்குக் கெடச்ச சந்தோசம் பொய்யில்ல. ஆனா அந்தப் படத்த இன்னைக்கு காலேஜு படிக்கிற பையன்கிட்ட செல்போன்ல போட்டுக் காட்டி, உனக்கு ரசனையே இல்லன்னு திட்டுறது நியாயம் இல்ல சித்தப்பா. அவனுக்கு நீங்க படத்த மட்டுந்தான் குடுத்தீங்க, கொடையக் குடுக்கல.

எங்க தலைவர் படத்த ஏன் எழுதல?

எழுதுனா நீங்க சும்மா விடுவியளா?

எல்லாத்தையும் கொறை சொல்லுதிய, பேருக்கு ஏத்த படம்னு ஒண்ணாவது உண்டா?

உதிரிப்பூக்கள். 1979, மகேந்திரன். நம்ம திருநவேலி புதுமைப்பித்தனோட சிற்றன்னைய வச்சி எடுத்தது, ஆனா கதையப் படிச்சிட்டு படத்தப் பாத்தா ரெண்டும் வேற வேற எடத்துல நிக்கும், மகேந்திரன் அதுல இருந்து அந்தக் குழந்தைங்கள மட்டுந்தான் எடுத்துக்கிட்டாருன்னு தோணும். விஜயன் நடிச்ச சுந்தரவடிவேலு மாதிரி ஒரு வில்லன் தமிழ்ல அதுக்கு அப்புறமும் வரல. கத்தமாட்டான், ஆள் வச்சி அடிக்கமாட்டான், வெள்ளை வேட்டி சட்டையோட மெதுவாப் பேசியே ஒரு வீட்டக் கருக்கிருவான். கடைசியில ஊரே அவன ஆத்துக்குக் கூட்டிட்டு போயி நிறுத்துது, நானே எறங்குதேன்னு அவனே எறங்குதான், அதுக்கு முன்னாடி ஊரப் பாத்து, நீங்க எல்லாரும் நல்லவங்களா இருந்தீங்க, இப்போ உங்களையும் என்ன மாதிரி ஆக்கிட்டேன்னு சொல்லிட்டுப் போறான். அத்தனை வருசத்துக்கு முன்னாடி ஒரு வில்லன் வாயில அந்த வார்த்தைய வைக்க தைரியம் வேணும், நாயகன் கேக்க நெனச்ச கேள்விய இந்தப் படம் எட்டு வருசம் முந்தியே கேட்டுருச்சு.

"அழகிய கண்ணே" பாட்டு இதுலதான். அது இல்லாமலும் படம் நிக்கும்.

எங்க பாக்க?

யூடியூப்ல தேடுனா கெடைக்கும், பிரிண்டு சுமாரா இருக்கும், சத்தம் கொஞ்சம் கரகரன்னு கேக்கும். ஹெட்செட்டு போட்டுக்கோங்க. பாதியில ஓட்டிவிட்டு பாக்குறவங்க இதுக்கு மார்க் போடவேண்டாம்.